ரத்தம் அலசிய தொட்டி

என்னிடம் உள்ள அஞ்சலட்டையில் ‘1971 நவம்பர்’ தெளிவாகத் தெரிகிறது; தேதி மட்டும் முத்திரை மையில் மறைந்துவிட்டது. எழுதியவன் என் தம்பி. அப்போது மதுரையில் இயந்திரப் பொறியியல் கடைசி ஆண்டு. “அத்தானுக்கு விஷம் இறங்கிவிட்டது. ஆனால் மூத்திரம் வரவில்லை. சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள். உடனே வா.”

அத்தான் எங்கள் அக்காவின் கணவர். எங்கள் ஊரான பரளச்சியில் கொத்தமல்லிக் காட்டுக்குக் களையெடுக்கப் போனவரைக் கண்ணாடி விரியன் கடித்தது. மதுரையில் விஷமுறிவு ஊசி போட்டு உயிரைப் பிடித்து நிறுத்தினார்கள். கண்டம் தாண்டிவிட்டது என்றே வீட்டில் நம்பினார்கள். சிறுநீர் வராததற்கு உடம்புச் சூடுதான் காரணம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் நீர் பிரியாவிட்டால் இளநீரும் மோரும் கொடுப்பதுதான் வழக்கம். ஒரு நாளைக்கு ஒரு தம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். ஆனால் வறண்ட நாக்கோடு அத்தான் கேட்டபோது அக்காவால் மறுக்க முடியவில்லை. ஒரு குடம் தண்ணீருக்காக அடுத்த ஊர்வரை நடப்பவர்கள்கூட வழிப்போக்கனுக்கு ஒரு செம்பு சாய்க்கும் ஊர் அது. கட்டிய கணவன் தண்ணீர் கேட்டு இல்லை என்பதா? உள்ளே போன நீர் வெளியேற வழியின்றி நுரையீரலில் தேங்கியது. நான் சென்னை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அத்தானால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் திணறினார்.

“தண்ணி குடுத்தா புண்ணியம்னுதானே குடுத்தேன். அதுவுமா அவுகளைக் கொல்லும்?” என்றாள் அக்கா.

சிறுநீரகங்கள் சாகவில்லை, செயலற்றுக் கிடக்கின்றன, சில வாரங்களில் விழித்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். அதுவரை அவற்றின் வேலையை ஓர் இயந்திரம் செய்ய வேண்டும். அந்த மருத்துவமனையில் அப்படி ஒன்றுதான் இருந்தது.

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தோம். சலவைத் தொட்டி மாதிரி ஓர் எவர்சில்வர் தொட்டி. அதில் உப்புகள் கலந்த நீர் சுழன்றது. நீருக்குள், மிட்டாய் சுற்றும் கண்ணாடித் தாளைப் போன்ற மெல்லிய தாளால் ஆன குழாய் சுருள் சுருளாகக் கிடந்தது. அத்தானின் ரத்தம் கையிலிருந்து புறப்பட்டு, அந்தத் தாளுக்குள் ஓடி, கழிவையும் மிகுந்த நீரையும் வெளியே விட்டுவிட்டு மறுபடி அவருக்குள்ளேயே போனது. எவ்வளவோ படித்திருந்தும், அந்தச் சிவப்புக் கோடு உடம்புக்குத் திரும்பியதைப் பார்த்தபோது என் கைகள் தாமாகக் குவிந்தன. தம்பி கும்பிடவில்லை. ரப்பர் குழாயை உருளைகள் அழுத்தி அழுத்தி ரத்தத்தைத் தள்ளுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மெக்கானிக்கலா?” என்று மருத்துவர் அவனிடம் கேட்டார். “இதை ஓட்ட எங்களுக்குத் தெரியும். ஒரு உருளை தேஞ்சா வெளிநாட்டுல இருந்து வர்றவரைக்கும் காத்திருக்கணும்.”

மாலைக்குள் அத்தான் சாய்ந்து படுத்தார். அதன்பின் பல தடவை அந்தத் தொட்டியை நம்பியே இருந்தார். ஒரு நாள் காலையில் அக்கா மூத்திரப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஓடிவந்தாள். அடியில் கொஞ்சம் மஞ்சள் நீர். அடைமழைக்குக்கூட எங்கள் ஊரில் அப்படி ஒரு கொண்டாட்டத்தை நான் கண்டதில்லை.

தம்பிக்கு மின்வாரியத்தில் வேலைக்குச் சேரத்தான் ஆசை. உடம்பு தேறியதும் அத்தான் அவனை விடவில்லை.

“ஏலே மாப்ளே, கரண்டு கம்பம் நட ஆயிரம் பேரு இருக்கான். நீ அந்த மிஷினைச் செய்யி.”

“எதுக்கு? மறுபடியும் கடி வாங்கப் போறீகளா அத்தான்?”

“நான் ஒருத்தன்தான் காட்டுக்குப் போறனா?”

படிப்பு முடிந்ததும் தம்பி மின்வாரியத்துக்கு மனுப் போடவில்லை. சென்னையில் அப்படிப்பட்ட உருளைப் பம்பை நம் ஊரிலேயே செய்ய முயன்ற ஒரு சிறு பட்டறையில் சேர்ந்தான்.

இன்று பொறியியல் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல விரும்புகிறேன்: சிறுநீரகத்துக்கு மருத்துவர் மட்டும் போதாது. குழாய், சவ்வு, பம்பு, நல்ல நீர் எல்லாம் உங்கள் பாடம்தான். அத்தான் அதன்பின் பல மல்லி வெள்ளாமை கண்டார்.

தம்பியின் பம்பு ரத்தத்துக்குப் பதில் தண்ணீரை வைத்து நாள் முழுக்க ஓடியதை 1974இல் நானே நேரில் பார்த்திருக்கிறேன். பிறகு அது ஒரு நோயாளிக்கு ஒரே ஒரு தடவை ஓடியதாக அவன் சொன்னான். யாருக்கு, எங்கே, அவர் பிழைத்தாரா என்பதற்கு என்னிடம் சான்று எதுவும் இல்லை. அந்தச் செய்தி இன்றுவரை உறுதிப்படவில்லை.