செல்போனில் கேட்காத டிரம்

நான் பட்டாபிராமில் ஒரு பேண்டு செட்டில் பெரிய டிரம் அடிப்பவன். போன வருடம் ஒரு சினிமாப் பாட்டுக்கு வாசிக்கக் கூப்பிட்டார்கள். ஆல்பம் வெளியான அன்று, ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் எல்லோரையும் கூட்டிவைத்து, செல்போனில் பாட்டைப் போட்டேன். குரல் கேட்டது, கிடார் கேட்டது. என் டிரம் மட்டும் இல்லை.

எங்கள் செட்டில் ட்ரம்பெட் ஊதும் சேகர் சிரித்தான். "இன்னா மாமே, உன்ன தூக்கிட்டானுங்களா?"

சட்டையைப் பிடித்து அவனைச் சுவரில் மோதவைத்தேன். டிரம் அடித்துக் காய்த்துப்போன கையால் இடது காதோடு சேர்த்து அறைந்தேன். விழுந்தவனை மிதித்தேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னை இழுக்க முடிந்தது. அவன் காதிலிருந்து ரத்தம் கழுத்துவரை வழிந்தது. அந்தக் காது இனி கேட்காது என்றார் டாக்டர்.

ஒரு வாரம் கழித்து, பாட்டைப் பதிவு செய்தவரிடம் போனில் கத்தினேன்.

"அண்ணே, செல்போன் ஸ்பீக்கர்ல அந்த மாதிரி கனத்த சத்தம் வராது. ஹெட்செட்ல கேளுங்க" என்றார்.

கேட்டேன். இடது பக்கத்தில், முதலிலிருந்து கடைசிவரை என் டிரம் இடித்துக்கொண்டிருந்தது.

சேகர் வீட்டுக்கு ஓடினேன். முகம் கொடுக்காமல் உட்கார்ந்திருந்தவனுக்கு ஹெட்செட்டை மாட்டிவிட்டேன்.

"இப்பவும் உன் டிரம்மு கேக்கல" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழற்றி, பக்கம் மாற்றி மாட்டினேன்.

"கீது" என்றான்.

இப்போதெல்லாம் யார் கிண்டல் செய்தாலும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். டீக்கடை பெஞ்சில் சேகருக்கு வலப்பக்கமாகத்தான் உட்காருகிறேன்.