மகள் இராணுவமாக நின்ற மாலை

மகளின் பள்ளிக்கூடத்தில் புவியியல் டீச்சர் ஒரு பொதுக்கூட்டம் வைத்தார். கூட்டம் நடந்தது லண்டனில் மிச்சம் என்கிற எங்கள் பகுதியில், சண்டையோ வேல்ஸ் மலைக்காக. எந்தக் காலத்திலோ பனிப்பாறை அரைத்து இறங்கிக் குடைந்துவிட்டுப் போன பள்ளத்தாக்கு ஒன்று. அதை இப்போது யார் ஆள்வது? ஆடு வளர்ப்பவர், மலையேறுபவர், கல்லுடைப்பவர் என்று பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வேடம். பெற்றோர் கை உயர்த்தித் தீர்ப்புச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரில் உயரமான இடம் என்றால் கிணற்றுக்கட்டுத்தான். எங்களிடம் போய் மலைக்கு நியாயம் கேட்டார்கள்.

என் மகளுக்கு விழுந்தது இராணுவம். சுட்டுப் பழக அந்தப் பள்ளத்தாக்கு வேண்டும் என்று அவள் வாதாட வேண்டும்.

வீட்டில் இதைச் சொன்னதும் என் கணவர் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். அவருடைய வீடும் காணியும் வலிகாமம் வடக்கில், இராணுவம் சனத்தை எழுப்பிவிட்டுப் பிடித்து வைத்த அதியுயர் பாதுகாப்பு வலயத்துக்குள். சமாதானப் பேச்சு நடந்த காலத்தில் ஆசை ஆசையாய்ப் பார்க்கப் போனவரை, காவலரணில் நின்ற ஆமிக்காரன் திருப்பி அனுப்பிவிட்டான்.

"வேற வேஷமே கிடைக்கேல்லையோ? ஒரு செம்மறியா நிண்டிருக்கலாமே," என்றார்.

"அப்பா, இது சும்மா ஸ்கூல். நீங்கள் எனக்குத்தான் கை தூக்கோணும். ப்ரொமிஸ்?"

"ஓம், ஓம்."

இவர் இரண்டு தரம் ஓம் சொன்னால் எனக்கு நம்பிக்கை வராது.

கூட்டத்தில் மகள் வெளுத்து வாங்கினாள். சுடும் நாளில் சிவப்புக் கொடி ஏற்றுவோம், முடிந்ததும் இறக்கிவிடுவோம், பிறகு ஆடும் ஆட்களும் தாராளமாக வரலாம், வேலி உடைந்தால் நட்டஈடும் தருவோம் என்றாள். செம்மறிக்காரராக நின்ற பிள்ளை பாதி வசனத்தை மறந்து கூரையைப் பார்த்தது.

பிறகு வாக்கெடுப்பு. இராணுவத்துக்கு வெள்ளைக்காரர் சிலர் கை தூக்கினார்கள், ஒரு பஞ்சாபிக்காரர் தூக்கினார், நானும் தூக்கினேன். எங்கள் சனம் ஒருவரும் அசையவில்லை. செம்மறிக்காரருக்கு என்றதும் அத்தனை தமிழ்க் கைகளும் ஒன்றாக எழும்பின. கோயில் நிர்வாகத் தெரிவில்கூட இப்படியொரு ஒற்றுமையை நான் கண்டதில்லை. என் கணவர் இரண்டு கையையும் தூக்கியிருந்தார். மகள் தோற்றுப்போனாள்.

காரில் அவள் விம்மி விம்மி அழுதாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பெத்த பிள்ளைக்கு ஒரு கை தூக்க ஏலாதோ உங்களுக்கு?"

அவர் சிவப்பு சிக்னலில் காரை நிறுத்திவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"பிள்ளை, கொடியை இறக்கினால் அந்தச் செம்மறிக்கார மனுசனை உண்மையா உள்ளுக்க விடுவினமோ?"

"ஓம் அப்பா. அதைத்தானே சொன்னனான்."

"தன்ர வீட்டுக்கும் போகலாமோ?"

"அவர் அங்கதானே இருக்கிறார்!"

என் கோபமெல்லாம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது. சிக்னல் பச்சையானதும் இவர் காரை எடுத்தார்.

"பின்ன அவனுக்கு என்ன குறை? அநியாயமா அவனுக்கெல்லோ கை தூக்கிப்போட்டன்."