தையல்காரி ஆகாத என் மனைவி

ஆபத்தான வேலை பார்ப்பவர்களுக்கு மலிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் கிடையாது என்றார் ஏஜென்ட். உடனே, பட்டாசு ஆலையில் வெடிக்கு மருந்து செலுத்தும் என் மனைவியை விண்ணப்பத்தில் தையல்காரி ஆக்கினேன். எங்கள் வீட்டில் தையல் மெஷினே கிடையாது.

கையெழுத்துப் போட வந்தவள், பேனாவைத் தொடுமுன் ஜன்னல் கம்பியில் உள்ளங்கையை வைத்து எடுத்தாள். மருந்தில் பொறி பட்டுவிடாமல் உடம்பிலுள்ள நிலைமின்சாரம் இறங்க, ஆலை வாசலில் தினமும் செப்புத் தகட்டைத் தொடும் பழக்கம்.

ஏஜென்டும் பட்டாசு ஆலைகள் நிறைந்த எங்கள் நாரணாபுரத்துக்காரர்தான்; அந்தப் பழக்கம் அவருக்குத் தெரியும். "அக்கா, எந்தக் கம்பெனில மருந்து செலுத்துறீக?" என்று சிரித்தார். இவளும் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

பிரீமியம் கூடுதலான திட்டத்தைத்தான் எடுத்தோம். நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

"தையக்காரிக்கு எப்படித் தீக்காயம் வந்துச்சுன்னு ஆஸ்பத்திரில கேட்டா, என்ன சொல்லுவீக?" என்றாள்.