செவலைக்கு ஊட்டிய மாலை

ஆயுத பூசை முடிந்த மறுநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் லாரிகளைப் பார்க்க எனக்குப் பிடிக்காது. சாமந்தியும் செவ்வரளியும் சேர்த்துக் கட்டிய மாலை முகப்பில் வாடித் தொங்கும். எல்லோருக்கும் அது பண்டிகையின் மிச்சம். எனக்கு மட்டும் ஒரு சாக்குப்பை நினைவுக்கு வரும்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு கால்நடை மருந்தகத்தில் மருத்துவராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எர்ணாவூரிலிருந்து, ஓர் ஆலையில் ஃபிட்டராக இருந்த அண்ணன் ஒருவர் அடிக்கடி வருவார். ஆலை வேலை போக, செவலை என்று ஒரு பசு வளர்த்தார். பிள்ளையில்லாத வீடு. மனைவி இறந்தபின் அந்த மாடுதான் அவருக்குப் பேச்சுத் துணை. ஈ கடித்தாலும் ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார். "எம் பொண்ணுக்கு இன்னா ஆச்சு பாரு டாக்டரம்மா" என்பார். "பொண்ணு நல்லாத்தான் இருக்கா, ஊசி உங்களுக்குத்தான் போடணும்" என்று கேலி செய்வேன்.

செவலை எதையும் தின்னும். சுவரொட்டி, அட்டைப்பெட்டி, மரவள்ளித் தோல், தண்டவாள ஓரத்துச் சவுண்டல் தழை, எதையும் விடாது. "கல்ல போட்டாக்கூட கரைச்சிடும்" என்று பெருமையடிப்பார். அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. மாட்டின் முதல் வயிறு இட்லி மாவுப் பானை மாதிரி ஓயாமல் புளித்துக்கொண்டே இருக்கும். அதில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள், சவுண்டல் போன்ற தழைகளில் இருக்கும் நஞ்சைச் சிறுகச் சிறுக உடைக்கப் பழகிக்கொள்ளும். தப்பி வருவதை ஈரல் மாற்றி வெளியே தள்ளிவிடும். ஆனால் எல்லா நஞ்சிடமும் இது பலிக்காது. அரளியின் நஞ்சு உடைந்து தீர்வதற்குள் இரத்தத்தில் கலந்து இதயத்தைப் பிடித்துவிடும்.

அந்த வருடம் செவலை கன்று ஈன்றிருந்தது. ஆயுத பூசை விடுமுறை முடிந்து ஆலை திறந்ததும், இயந்திரங்களுக்குப் போட்டிருந்த மாலைகளைக் குப்பையில் எறிய மனமில்லாமல் ஒரு சாக்குப்பையில் போட்டு அண்ணனிடம் கொடுத்தார்கள். சாமிக்குப் போட்டதைப் பசுவுக்குக் கொடுப்பது அங்கே வழக்கம். முன்பெல்லாம் வெறும் சாமந்தி. அந்த முறை அரளியும் கலந்திருந்தது.

ஆள் வந்து கூப்பிட்டு நான் போனபோது செவலை படுத்துவிட்டிருந்தது. காது சில்லிட்டிருந்தது. நெஞ்சில் குழலை வைத்தேன். துடிப்பு ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. பக்கத்தில் சாக்குப்பை, அதன் அடியில் செவ்வரளி. நஞ்சை உறிஞ்சிக்கொள்ளக் கரித்தூளைக் கரைத்து வாயில் ஊற்றினேன். ஊசி போட்டேன். அதற்குள் கன்று வந்து மடியை முட்டியது. "கன்னுக்குட்டியப் புடிங்கண்ணே, பால்லயும் விஷம் எறங்கும்" என்று கத்தினேன். அவர் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்தார். கன்று திமிறியது. தாய் அதைப் பார்த்துப் பார்த்துக் கத்தியது. அவர் விடவில்லை. எத்தனையோ மாடுகள் சாவதைப் பார்த்திருக்கிறேன், இந்தக் கொடுமையை மட்டும் மறக்க முடியவில்லை.

பொழுது சாயும்முன் எல்லாம் முடிந்தது. "மாலையாலதானா?" என்று கேட்டார். பொய் சொல்ல நாக்கு எழவில்லை. "ஆமாண்ணே" என்றேன்.

"மொதல்ல மூஞ்ச திருப்பிக்கினுச்சு டாக்டரம்மா. கசந்துகீது போல. நான்தான் 'சாமி மால, துன்னுடி கண்ணு'ன்னு வாயில வெச்சி ஊட்டுனேன். நான் ஊட்டுனதாலதான் துன்னுச்சு."

மருத்துவர் அழக்கூடாது என்பார்கள். நான் அழுதேன்.

பக்கத்துத் தெருக்காரர் தன் மாட்டிடம் ஊட்டவிட்டதால் கன்று பிழைத்தது. சில ஆண்டுகள் கழித்து, மாற்றலாகிப் போகும்முன் பார்க்கப் போனேன். கன்று பெரிய மாடாகியிருந்தது. அண்ணன் தழையைத் தொட்டியில் போட்டுவிட்டுத் தள்ளி நின்றார். மாடு அவர் கைக்காகக் கழுத்தை நீட்டியது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். கையால் ஒரு வாய் கொடுக்கலாமே என்றேன்.

"வேணாம்மா. அதுவே மோந்து பாத்து துன்னட்டும். நான் குடுத்தா கசந்தாலும் துன்னுடும்."

இந்த வருடமும் பூசைக்கு மறுநாள் அந்தச் சாலை வழியாகப் போக வேண்டியிருந்தது. டீக்கடை ஓரம் லாரியை நிறுத்திய ஓட்டுநர், முகப்பிலிருந்த மாலையைக் கழற்றி அங்கே நின்ற மாட்டுக்கு அன்போடு நீட்டினார். மாடு முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவர் கழுத்தைத் தடவி மறுபடி வாயருகே கொண்டுபோனார். ஓடிப்போய்ப் பிடுங்கினேன்.

"சாமி மாலதாம்மா, இன்னா இப்ப?" என்றார்.

"அரளி விஷம்ப்பா. அது வேணாம்னு திருப்பிக்கிச்சு இல்ல, விட்டுடுப்பா" என்றேன்.