மலை தெரியாத சீசன்

பாவூர்சத்திரம் சந்தையில் காய்கறி ஏற்றி, குற்றாலத்து லாட்ஜுகளில் இறக்குவதுதான் என் பிழைப்பு. சொந்த வண்டி. இருபது வருடமாக எனக்கு வழி சொன்னது மலைதான். எங்கள் பக்கத்தில் எவனும் இடது, வலது என்று பேசுவதில்லை. மலை நிற்கிற பக்கம் மேற்கு. மற்றதெல்லாம் அதை வைத்துத்தான்.

அந்த வருடம் சாரல் தொடங்கியதிலிருந்து மலையைக் காணோம். ஒரே மூட்டம். சந்தைக் கூரைக்குள்கூட வெள்ளையாகப் படர்ந்து நின்றது. புதிதாகப் பிடித்த லாட்ஜுக்குப் போகவேண்டிய காயை இரண்டு தடவை வேறு லாட்ஜில் இறக்கிவிட்டேன். போர்டு தெரிந்தால்தானே.

"இன்னொருக்க இப்படிப் பண்ணுனா வேற வண்டி பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த லாட்ஜ் போனால் தவணை கட்ட முடியாமல் வண்டியும் போனமாதிரி.

அதனால்தான் வழி சொல்லும் ஆப் தேடினேன். போனோ மகள் கழித்துப் போட்ட பழசு. தென்காசி செல்போன் கடைக்காரர் முதலில் ஏற்றிக் கொடுத்தது பெரிய ஆப். போன் தோசைக்கல்லாகச் சுட்டு, பாதி வழியில் அணைந்தே போனது. இரண்டாவதில் படம் அருமையாக இருக்குமாம், பேசாது.

"எனக்குப் படம் எதுக்கு? பேசணும்யா" என்று எரிந்து விழுந்தேன்.

மூன்றாவது சின்னது. மேப்பை முன்னமே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாவிட்டாலும் ஒரு பெண் தமிழில் வழி சொல்வாள். அதற்கும் போனில் இடம் பத்தவில்லை.

"போட்டோ கொஞ்சம் அழிக்கணும், பாத்துச் சொல்லுங்க" என்று அவர் போனை நீட்டினார். மகள் கல்யாணப் படங்கள். எல்லா முகத்திலும் சாம்பல் பூசியிருந்தது. இந்தப் போன் கேமராவில் எடுத்தால் இப்படித்தான் என்று திட்டிக்கொண்டே அழிக்கச் சொன்னேன்.

அதன்பிறகு ஒரு தடவைகூட லாட்ஜ் மாறவில்லை. ஆனால் பொய் சொல்லக் கூடாது, அந்த நாட்களில் வண்டி ஓட்டவே பயமாக இருந்தது. வெள்ளைக்குள்ளிருந்து அருவிச் சத்தம் வரும், அருவி இருக்காது. ஆட்கள் பேசிச் சிரிப்பது காதோரம் கேட்கும், ஆளைக் காணோம். எதிரே வருகிறவன் எவனும் லைட் போடவில்லை. இவ்வளவு மூட்டத்தில் லைட் இல்லாமல் எப்படி ஓட்டுகிறான்கள் என்று எனக்கு ஆத்திரமாக வரும். போனுக்குள் இருந்த அவள் ஒருத்திதான் நிதானமாகப் பேசிக்கொண்டே வருவாள்.

ஒருநாள் அருவியில் குளிக்கப்போவதாக மனைவியும் வண்டியில் ஏறிக்கொண்டாள். தென்காசி தாண்டியதும் கேட்டாள், "லைட்ட எதுக்குப் போட்டுருக்கிய?"

"எதிர வாரவனுக்குத் தெரியாண்டாமா?"

குற்றாலத்துக்குள் நுழைந்ததும் போன் பேசியது. "வலது பக்கம் திரும்பவும்."

திரும்பினேன். மனைவி ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்தாள். வண்டி குலுங்கி நின்றது. முன்னால் வெள்ளைக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு, முன்னால பாத்து ஓட்டத் தெரியாது?" என்று ஒரு பெண் வைதாள். குழந்தையின் அழுகை மெல்ல விலகிப் போனது.

"அந்தப் பிள்ளைய நீங்க பாக்கலயா?" என்றாள் மனைவி.

"இந்த மூட்டத்துல எவனுக்குடி தெரியும்?" என்று கத்தினேன்.

அவள் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து பார்த்தாள். மூச்சு என் கன்னத்தில் பட்டது.

"மூட்டமா? வெயிலு அடிக்கி. மலை முழுசா நிக்கி. மேல அருவி விழுததுகூடத் தெரியுது."

ஜன்னலில் கிடந்த என் வலது கை சுட்டது. தென்காசியிலிருந்தே சுட்டுக்கொண்டுதான் வந்திருந்தது. நான் அதை நினைத்துப் பார்க்கவேயில்லை.

"மலை எங்கன நிக்கி?" என்று கேட்டேன்.

அவள் என் இடது கையைப் பிடித்துத் தன் பக்கத்து ஜன்னலுக்கு நேரே நீட்டிக் காட்டினாள். அங்கே வெள்ளை மட்டும் இருந்தது.

போனில் அந்தப் பெண் "நேராகச் செல்லவும்" என்றாள். நான் சாவியைத் திருகி எடுத்து மனைவி கையில் கொடுத்தேன்.