கவர்னர் பக்கத்துப் பேச்சு

என் புருஷனுக்குப் பேச வரும், எழுத வராது. எனக்கு எழுத வரும், பேசத்தான் இடம் கிடையாது. கல்யாணமாகி நாலு வருஷத்தில் எங்களை ஒட்ட வைத்திருந்தது பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான் என்று இப்போது தோன்றுகிறது.

மாத்தளைப் பக்கம் இரத்தோட்டையில் பஸ் ஏறி, ரிவர்ஸ்டன் பக்கம் பஸ் போகிற மட்டும் போய், அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் மேலே நடந்தால் எங்கள் தோட்டம். அவர் அங்கே டீமேக்கர். தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்போம். அந்த ஸ்டோர் முழுக்க அவர் பொறுப்பு, அதன் பின்புறம் எங்கள் குவாட்டர்ஸ். வருஷத்தில் பாதி நாள் வாசலில் நிற்கிற கொய்யா மரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவு மூட்டம். தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் பெண்களாவது விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நாலு பேரோடு வம்பு பேசிக்கொண்டு மலை ஏறுவார்கள். உத்தியோகத்தர் வீட்டுப் பெண்கள் லயத்துக்குப் போகக்கூடாது, துரை பங்களாப் பக்கமும் தலை காட்டக்கூடாது. மிஞ்சியது இரண்டு வீடு. பெரிய கிளாக்கரின் மனைவிக்கு என்னைக் கண்டால் ஆகாது. தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிறவரை எல்லோரும் டொக்டரையா என்பார்கள். அவருடைய மனைவிதான் எனக்கிருந்த ஒரே பேச்சுத்துணை.

மாதம் ஒரு ஞாயிறு, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கிளாக்கர்மார், டீமேக்கர்மார், வாத்தியார்மார் எல்லாரும் எங்கள் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிற மேல்மாடியில் கூடி விவாதம் நடத்துவார்கள். அன்றைக்குக் கொழுந்து இருக்காது, மாடி காலியாக இருக்கும். அமெரிக்காவுக்குக் கப்பல் ஓட்டிப் போனவன் அதைக் கண்டுபிடித்தானா, வழிதவறிப் போய் முட்டிக்கொண்டானா? ரோமாபுரியை எரித்தது அதன் ராஜாவா, யாரோ ஒருத்தி அணைக்க மறந்த அடுப்பா? இப்படித்தான் தலைப்புகள் இருக்கும். எங்கள் மலையில் நடக்கிற ஒரு விஷயத்தையும் வாய் தவறியும் பேச மாட்டார்கள், துரைமார் காதுக்குப் போய்விடும். ரோமாபுரி எரிந்தால் யாருக்கும் வேலை போகாது.

யாருக்கு எந்தப் பக்கம் என்பதை ஒரு வாரம் முன்பே சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். விழுந்த பக்கத்தைத்தான் பேச வேண்டும், பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது. பேசி முடிந்ததும் தேயிலைச் சாம்பிள் தகரம் ஒன்றைச் சுற்றுக்கு விடுவார்கள். முதல் பக்கம் சரி என்கிறவர் ஏலக்காய் போட வேண்டும், மற்றப் பக்கம் என்கிறவர் கராம்பு போட வேண்டும். தோற்றவர் கேட்டால் அடுத்த மாதம் அதே தலைப்பில் பதில் கூட்டம் உண்டு. பெண்களுக்கு மாடியில் இடமில்லை. ஆனால் மாடி ஜன்னல்கள் எங்கள் அடுப்படிக்கு நேர் மேலே. என் வார்த்தைகள் அவர் குரலில் இறங்கி வருவதை நான் அரிசி களைந்துகொண்டே கேட்பேன். கை தட்டுகிற இடங்களில் அரிசியை இன்னும் ஒரு தண்ணீர் கூடுதலாகக் களைந்துவிடுவேன்.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் உக்குவளையிலிருந்து எனக்கு ஒரு கடுதாசி வந்தது. கல்யாணத்துக்கு முன்பு நான் மாத்தளையில் ஒரு சிஸ்டரின் கீழ் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த சிஸ்டர் இப்போது உக்குவளை மடத்துப் பள்ளிக்கூடத்தில். தமிழ் வகுப்புக்கு ஓர் ஆள் வேண்டும், மடத்திலேயே தங்கலாம், சனிக்கிழமை வீட்டுக்குப் போய் வரலாம், அடுத்த மாதக் கடைசிக்குள் பதில் எழுது என்றிருந்தார். போக வேண்டும் என்று இருந்தது எனக்கு. என் புருஷனிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார், மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், பார்ப்போம் என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. நல்ல நேரம் பார்த்துக் கேட்க வேண்டும் என்றிருந்தேன்.

அந்த மாதத் தலைப்பு, ஹெலினா தீவில் சிறை வைக்கப்பட்டு அங்கேயே செத்துப்போன பிரெஞ்சுச் சக்கரவர்த்தியைப் பற்றியது. அவரைக் காவல் காத்த ஆங்கிலேயக் கவர்னர் கடமையைச் செய்தாரா, கைதியை வதைத்துக் கொன்றாரா? என் புருஷனுக்குக் கவர்னர் பக்கம் விழுந்தது. டொக்டரையாவுக்குக் கைதி பக்கம். என் புருஷன் மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கவர்னருக்காக யார் கை தட்டுவார்கள் என்றார். இரத்தோட்டை மாதாகோயில் சாமியாரிடம் இரவல் வாங்கிய அட்டை கிழிந்த சரித்திரப் புத்தகத்தை என் மடியில் வைத்தார்.

நான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன், அதுதான் கேடு. நல்ல பேச்சு எழுதிக் கொடுத்தால் மனம் குளிர்ந்து என்னை அனுப்புவார் என்று கணக்குப் போட்டேன். இந்தக் கைதி ஏற்கெனவே ஒரு தீவிலிருந்து தப்பிப் போனவன், அதனால் மறுபடியும் எத்தனை ஆயிரம் பேர் செத்தார்கள் என்று தொடங்கினேன். ஒரு நாளைக்கு இரண்டு தடவை ஓர் அதிகாரி அவனைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. நான் அதைப் பெரட்டு என்றே எழுதினேன். நமக்கு ஒரு பெரட்டு, சக்கரவர்த்திக்கு இரண்டு, பெரிய மனுஷன் அல்லவா என்று கூட்டத்தில் என் புருஷன் சொன்னபோது மாடியே அதிர்ந்தது. காவலில்லாமல் உலாவச் சுற்றளவு பன்னிரண்டு மைல் விட்டிருந்தார்களாம். எங்கள் தோட்டத்தைச் சுற்றி அளந்தால் அவ்வளவு வராது. அதையும் எழுதினேன், எந்தத் தோட்டம் என்று சொல்லாமல். கடைசியில், “வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, வாசிக்கப் புத்தகம் இருக்கிறது, இந்த மனிதனுக்கு என்ன குறை?” என்று முடித்தேன்.

தகரத்தில் ஏலக்காய் நிறைந்துவிட்டது. டொக்டரையாவுக்கு நாலைந்து கராம்பு. என் புருஷன் தலைகால் புரியாமல் இறங்கி வந்தார். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று நினைத்து, தேத்தண்ணியைக் கையில் கொடுத்துவிட்டு, உக்குவளைக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன்.

கோப்பையைப் பலகையில் வைத்தார். பிறகு சொன்னார்: “வீடு இருக்கு, தோட்டம் இருக்கு, வாசிக்கப் பொஸ்தகம் இருக்கு. ஒனக்கு என்ன கொற?”

மாடியில் எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினாரோ அதே இடத்தில் நிறுத்தி மூச்சு வாங்கினார். நான் என் கையாலேயே எழுதிக் கொடுத்த பதில். எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் மறைக்க மாட்டேன். அந்த வாரம் முழுக்க அவருக்குச் சோறு போட்டேன், முகம் கொடுக்கவில்லை. அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஸ்டோரிலேயே பழியாகக் கிடந்தார். மூட்டம் இறங்கிக் கதவு வரைக்கும் வந்து நின்றது.

டொக்டரையா பதில் கூட்டம் கேட்டிருந்தார். ஒரு நாள் அவர் மனைவி கொத்தமல்லி இரவல் கேட்டு வந்தபோது, தன் புருஷன் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைச் சொல்லிச் சிரித்தாள். நான் எழுதித் தருகிறேன் அக்கா என்றேன். அவள் கொத்தமல்லியை முந்தானையில் முடிந்துகொண்டாள். ஏன் என்று கேட்கவில்லை. நான் எழுதினதை அவள் தன் கையெழுத்தில் படியெடுத்து, கண்டியிலிருக்கிற தங்கச்சி புருஷன் அனுப்பியது என்று சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

இந்தப் பேச்சை நான் யோசித்து எழுதவில்லை, வயிற்றெரிச்சலில் எழுதினேன். புத்தகம் ஒன்றின் அட்டையில் சக்கரவர்த்திக்கு என்று எழுதியிருந்ததற்காகக் கவர்னர் அதைக் கைதிக்குக் கொடுக்காமல் வைத்துக்கொண்டதை எடுத்தேன். உலாவுகிற எல்லையைக் குறுக்கியதை எடுத்தேன். காவல்காரன் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அந்த மனிதன் வெளியே வருவதை விட்டுவிட்டு அறைக்குள் அடைந்து கிடந்ததை எடுத்தேன். நோய் கொன்றிருக்கலாம், ஆனால் நோய்க்குக் கதவு திறந்துவிட்டது இந்தக் கவர்னர்தான் என்றேன். என்ன குறை என்று கேட்கிறவனுக்குக் கதவு எந்தப் பக்கம் பூட்டியிருக்கிறது என்று தெரியாது. கேட்டால் மேலிடத்து உத்தரவு என்பான். உத்தரவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவனைப் போலச் சின்ன மனசுக்காரன் உலகத்தில் இல்லை. இவ்வளவும் கவர்னருக்கா எழுதினேன்? எங்கள் வீட்டில் ஒரு கவர்னர் இருந்தார், அவருக்குத்தான் எழுதினேன்.

பதில் கூட்டத்தன்று அடுப்படியில் அசையாமல் நின்றேன். டொக்டரையாவுக்குக் குரல் கட்டை, ஆனாலும் ஒவ்வொரு வரியும் போய்த் தைத்தது. சின்ன மனசுக்காரன் என்ற இடத்தில் மாடி முழுக்கக் கை தட்டினார்கள். என் புருஷன் மறுத்துப் பேச எழுந்து, இரண்டு வாக்கியத்தில் உட்கார்ந்துவிட்டார். தகரம் சுற்றி வந்தபோது மூன்றே மூன்று ஏலக்காய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, சத்தம் வராமல் நானும் கை தட்டினேன்.

எல்லோரும் போன பிறகு வந்தார். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினேன்.

“அது ஒன் எழுத்து. எனக்குத் தெரியாதா? நாலு வருஷமா நான் பேசுற அதே பாணி, மாடியில இருந்த அத்தன பேருக்கும் தெரிஞ்சிருக்கும்.”

ஆமாம் என்றேன். சண்டைக்குத் தயாராக நின்றேன். அவர் சண்டைக்கு வரவில்லை. பலகையில் உட்கார்ந்து, கடுதாசி வந்த மறுநாளே பங்களாவுக்குப் போய் துரையிடம் கேட்டதாகச் சொன்னார். பின்வாசலில் வெகுநேரம் நிற்க வைத்தாராம் துரை. இன்றைக்குப் பெண்சாதி போவாள், அடுத்த மாதம் நீயும் பின்னாலேயே போவாய், கொழுந்து குவிகிற நேரத்தில் என் ஸ்டோரை யார் பார்ப்பது என்றாராம். குவாட்டர்ஸ் குடும்பக்காரனுக்குக் கொடுத்தது, அவள் போனால் நீயும் அன்றைக்கே பெட்டியைக் கட்டு, நற்சாட்சிக் கடுதாசி தரமாட்டேன் என்றாராம். அந்தக் கடுதாசி இல்லாமல் எந்தத் தோட்டத்திலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். அவருக்குத் தேயிலையைத் தவிர வேறு தொழில் தெரியாது.

நான் ஊதுகுழலைக் கீழே வைத்தேன். “ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“தொர முன்னால தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்னது ஒரு தடவ போதும். நான்தான் விடலன்னு நீ நெனச்சீன்னா, ஒனக்குத் திட்ட ஒரு ஆளாவது இருக்கும்.”

அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது என்பதுகூட எனக்கு நினைவில்லை. இரண்டு பேச்சையும் எழுதியவள் நான். கைதிக்காக எழுதினேன், கவர்னருக்காக எழுதினேன். அந்தக் கவர்னரும் அதே தீவில்தானே கிடந்தார், அவரையும் மேலிடத்தில் ஒருத்தர் கணக்கெடுத்துக்கொண்டிருந்திருப்பாரே என்பது இரண்டிலும் இல்லை. புத்தகத்தில் அதற்கு இடமிருந்தது, நான் பார்க்காமல் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். ஐந்து தோட்டத்து உத்தியோகத்தர்கள் நடுவில் அவரைச் சின்ன மனசுக்காரன் என்று சொல்ல வைத்து, கீழே நின்று கை தட்டியும் இருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருந்தது. மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு அவர் வந்தபோது சிஸ்டருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். வர இயலாது என்று எழுதிவிட்டேன், காரணத்தில் பேனா நின்றுவிட்டது. தோட்டத்துத் தபால் எல்லாம் ஆபீஸ் பையில்தான் போகும். பெரிய கிளாக்கர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார் என்பது ஊரறிந்தது. துரை விடவில்லை என்று எழுதினால் கடுதாசி உக்குவளைக்குப் போகுமுன் பங்களாவுக்குப் போய்விடும்.

“எம் புருஷன் சம்மதிக்கலன்னு எழுது,” என்றார்.

“அது பொய்யிங்க.”

“எழுது. அதுக்கு யாரும் காரணம் கேக்க மாட்டாங்க.”

எழுதினேன். அவரே அதை வாங்கி ஒட்டி, போகிற வழியில் ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருஷம் கழித்து மாத்தளைக் கோயில் திருநாளில் அந்த சிஸ்டரைக் கண்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, நன்றாகச் சொல்லிக்கொடுப்பாயே பிள்ளை, எல்லாம் வீணாகிவிட்டது என்று கண் கலங்கினார். பக்கத்தில் நின்ற என் புருஷனை ஒரு தடவை பார்த்தார், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் சொல்ல வாயெடுத்தேன். எங்களுக்குப் பின்னால் பெரிய கிளாக்கரும் அவர் மனைவியும் வந்துகொண்டிருந்தார்கள். போய் வருகிறேன் சிஸ்டர் என்று மட்டும் சொல்லிவிட்டு, அவரோடு பஸ்ஸுக்கு நடந்தேன்.