இலுப்பெண்ணெய் குடித்த கார்

என் பழைய வாடகைக் காரின் எஞ்சினுக்குள் 'டக் டக்' என்று சத்தம் கேட்டது. "கேம்சாப்டும் லிப்டரும் தேஞ்சிட்டுது, இனிக் காரை எடுக்காதை," என்றார் மெக்கானிக். பள்ளிக்கூடம் போகாத மேதை நான். மாட்டுவண்டில் அச்சுக்குப் பூசும் இலுப்பெண்ணெயை எஞ்சினுக்குள் ஊற்றினேன். சத்தம் அடங்கியது.

மறுநாள் ஓர் அக்கா ஏறினார். அவரது தகப்பன் வவுனியா ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தார். போகும் வழியில், கனகராயன்குளத்தடியில் கேம்சாப்ட் இறுகி, எஞ்சின் நின்றது.

"தம்பி, பஸ் வருது. நான் ஏறட்டோ?"

"விடுங்கோ அக்கா. என்ர குதிரை மூச்சு வாங்குது, இப்ப எழும்பும்."

பஸ் போய்விட்டது. குதிரை எழும்பவேயில்லை. பிறகு இருவரும் லொறியொன்றில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தகப்பன் உயிரோடு இல்லை.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன்.

"நீங்கள் என்ன செய்யிறது தம்பி? பஸ்ஸை விட்டது நான்தானே," என்று அக்கா அழுதார்.

அவர் ஏசியிருந்தால் ஏதாவது பகிடி விட்டுத் தப்பியிருப்பேன்.